கண் திறந்த சுவர்

சட்டையைக் கழற்றிக் கொடுங்கள் தம்பி. பனியனோடு நிற்க வெட்கப்பட வேண்டாம். இந்தச் சந்தில் உங்களைப் பார்க்க யாரும் இல்லை. வருகிறவன் எவனும் உங்களைவிட மோசமான கோலத்தில்தான் நிற்பான், கொஞ்ச நேரத்தில் நீங்களே பார்ப்பீர்கள். மூக்கைப் பொத்தாதீர்கள். பொத்தினால் வாய் வழியாக உள்ளே போகும், அது இன்னும் கேவலம். அப்படிக் கல்லில் உட்காருங்கள். அந்தக் கல் இல்லை, இந்தக் கல். அது ஈரம்.

கரி இப்போதுதான் போட்டேன். பெட்டி சூடேறட்டும். அரைச் சூட்டில் தேய்த்தால் சட்டை மாடு மென்று துப்பிய மாதிரி இருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து வந்த கசங்கல்தானே, போய்விடும்.

கோயிலுக்கா வந்தீர்கள்? கண் திறந்த அம்மனுக்கு வருஷாபிஷேகம், அதற்கா? சௌந்தரபாண்டிக்குச் சகலையா நீங்கள்! சரிதான். கூடப் பிறந்தவன் என்றால் நான் வாயை மூடிக்கொண்டு உங்கள் சட்டையைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பியிருப்பேன். சகலை என்பது பெண் எடுத்த வீடு ஒன்றாகிப் போனதால் வந்த உறவு. அவனைப் பற்றி ஒருத்தன் பேசினால் சகலைக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கும். சிரிக்கிறீர்கள். பார்த்தீர்களா?

அந்தக் கோயில் இருக்கிற இடம் என் இடம் தம்பி. பட்டா போட்ட இடம் என்று சொல்லவில்லை. பஞ்சுக் கிடங்கின் பின்சுவர், அதை ஒட்டி ஒரு புங்கமரம். என் மூத்த மகள் தவழ்ந்த காலத்திலிருந்து என் தேய்ப்பு வண்டி அந்த மர நிழலில் நின்றது. தெரு முனை. நாலு பக்கத்து ஆளும் அந்த வழியாகத்தான் போகவேண்டும். மொக்கராசு எங்கே என்று யாரும் கேட்டதில்லை, புங்கமரத்தடி என்றால் நான்தான். இப்போது பாருங்கள், சாக்கடைச் சந்துக்குள் கிடக்கிறேன். வழி தெரியாமல் நுழைந்த நீங்கள் ஒருத்தர்தான் இன்றைக்கு வந்த கிராக்கி. என் இடம் எனக்குத் திரும்ப வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

மரத்தடி நல்ல இடம்தான். ஆனால் அந்தச் சுவர் இருக்கிறதே, அது ஊருக்கே பொதுக் கக்கூஸாக இருந்தது. திருப்பத்தில் ஒயின் ஷாப். குடித்தவன் வருவான், குடிக்காதவனும் வருவான். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வருவான், பேண்டு சட்டை போட்டு டை கட்டினவன் வருவான். சுவர் பார்த்துத் திரும்பி நின்றால் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பு, பூனை மாதிரி. நான் இந்தப் பக்கம் ஒருத்தன் கல்யாண வேட்டியை விரித்துத் தேய்த்துக்கொண்டிருப்பேன், அந்தப் பக்கம் சலசல என்று ஓடும். வெயில் ஏற ஏற ஒரு வாடை கிளம்பும் பாருங்கள். கண் எரியும். துணியில் ஏறும். டீச்சர்மார் இரண்டு பேர் சேலையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இனிமே லாண்டரியில குடுத்துக்கிறோம் பெரியவரே" என்று போய்விட்டார்கள்.

இதில் தினம் தவறாமல் வருகிற ஆள் யார் தெரியுமா? உங்கள் சகலை. ஹார்டுவேர் கடையை அடைத்துவிட்டு நேராக வருவார். வேட்டியைத் தூக்கிக்கொண்டே, "என்ன பெரியவரே, மழை வருமா?" என்று குசலம் விசாரிப்பார். நான் என்ன சொல்ல? வந்துகொண்டுதானே இருக்கிறது என்பேன். அதற்கும் சிரிப்பார். மானம் கெட்ட பிறவி. சகலை என்பதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் வளர்மதி வந்தாள். கூரியர் ஆபீஸில் வேலை பார்க்கிற பெண். சம்பளத்துக்கு ஒரு வேலை போதாதென்று, தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆளுக்கொரு விளக்குமாறு கொடுத்துத் தெருவைக் கூட்டவைப்பாள். நம்ம தெரு நம்ம பொறுப்பு என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு போகும். எல்லாம் இந்த உயரம். விளக்குமாறு பிள்ளையைவிட நெட்டையாக இருக்கும். பெரியவர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒருத்தி, பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போன தடத்திலேயே கறிவேப்பிலைக் காம்பைக் கொட்டுவாள். "அதான் கூட்டுறாங்கல்ல" என்பாள். இப்படி ஒரு ஜனம்.

நானும் சேவை செய்தேன் தம்பி. விளக்குமாறு, வாளி, பிளீச்சிங் பவுடர் எல்லாம் என் வண்டிக்கு அடியில்தான் வைத்திருப்பார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். ஒன்றும் வாங்கவில்லை.

ஒருநாள் அந்தச் சுவருக்கு வந்தார்கள். பிள்ளைகள் மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு பிளீச்சிங் போட்டுக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, அடுத்த ஞாயிறு படம் வரைந்தார்கள். மீன், பஸ், தென்னை மரம். வளர்மதி சொன்னாள், "அழகா இருந்தா யாருக்கும் அசிங்கம் பண்ண மனசு வராது தாத்தா." நான் சொன்னேன், "இவனுக தாஜ்மஹால் செவுத்துலயும் போவானுக தாயி." அவள் கேட்கவில்லை. படித்தவள்.

மறுநாள் சாயங்காலம் பிள்ளைகள் சுவருக்கு முன்னால் கையைக் கோத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். வருகிறவனிடம், "மாமா, இங்க போகாதீங்க மாமா" என்றார்கள். சிலர் வெட்கப்பட்டுப் போனார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஒருத்தன், நல்ல போதை, "ஓரமா நில்லு பாப்பா, மேல தெறிக்கும்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்கு நடுவிலேயே ஆரம்பித்துவிட்டான். பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின. கபிலன் என்று ஒரு பொடியன், அவன் வரைந்த மீன் மேலேயே. அவன் அழுதுகொண்டே வளர்மதியிடம் சொன்னான், "நான் ஆத்துலதான் வரைஞ்சேன், இதுல இல்ல அக்கா." எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போதுதான் நான் சொன்னேன். சாமி படம் போடுங்கள் என்று. ஊர் உலகத்தில் எங்கே பார்த்தாலும் அதுதானே வைத்தியம்? மாடிப்படி மூலையில் எச்சில் துப்பாமல் இருக்க என்ன ஒட்டுகிறான்? வளர்மதி மாட்டேன் என்றாள். "எல்லா வீட்டுப் புள்ளைகளும் இருக்காங்க தாத்தா. சாமியக் காவலுக்கு வைக்கிறதும் நல்லால்ல. பயந்து நிறுத்தக்கூடாது, புரிஞ்சு நிறுத்தணும்." புரிந்து! இவனுக புரிந்து நிறுத்தும்போது நான் எரிந்து சாம்பலாகியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு அவளுக்குத் தோழி கல்யாணம், வெளியூர் போய்விட்டாள். நான் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். சுண்ணாம்பு அடித்து ஒரு அம்மன் போடுங்கடா என்றேன். பிள்ளைகளுக்கு என்ன, ஒரே குதியாட்டம். வரையத் தெரிந்த கை ஒன்றே ஒன்றுதான், காதர் மைதீன் மகள் ரிஸ்வானா. மிக்ஸி ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறானே, அந்தக் காதர். பிள்ளை நாலாம் வகுப்பு. ஆனால் கை பேசும் தம்பி. மஞ்சள் முகம், சிவப்புச் சேலை, கிரீடம், கையில் சூலம், கழுத்தில் எலுமிச்சை மாலை. ஒவ்வொரு எலுமிச்சையும் தனியாகத் தெரியும். மற்ற பிள்ளைகள் அவள் காட்டின இடத்தில் வர்ணம் பூசின.

எல்லாம் முடிந்தது. கண் மட்டும் இல்லை. நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவில் வெறும் மஞ்சள்.

"கண்ணு எங்க தாயி?" என்றேன்.

"கண்ணு வரைய மாட்டேன் தாத்தா. அத்தா வையும். உயிருள்ளது வரைஞ்சா கண்ணு வைக்கக்கூடாது."

"ஏனாம்?"

"கண்ணு வரைஞ்சா, மறுமையில அதுக்கு உயிர் குடுன்னு கேப்பாங்களாம். எனக்கு உயிர் குடுக்கத் தெரியாதுல்ல?"

அன்றைக்கு அப்படியே விட்டேன். அன்று ராத்திரிக்குள் மூன்று பேர் வந்து போய்விட்டார்கள். கண் இல்லாத சாமியைப் பார்த்து எவன் பயப்படுவான்? நம்மைப் பார்த்தால்தானே பயம்? மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையை மறித்து, "கோடு மட்டும் நீ போடு. உயிரு நான் குடுத்துக்கிறேன். கேட்டா என்னையக் கைகாட்டு" என்றேன். யோசித்தாள். "அத்தாகிட்டச் சொல்ல மாட்டீங்கள்ல?" என்றாள். "சாமி சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன்.

கண் திறக்கும்போது எதிரே யாரும் நிற்கக்கூடாது என்பார்கள். முதல் பார்வை உக்கிரமாக இருக்கும், தாங்காது. பெரிய கோயில் முறை அது. அதனால் கூட வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கடலைமிட்டாய் வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டேன். நானும் மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். பிள்ளை மட்டும் என் ஸ்டூலில் ஏறி நின்று வரைந்தது. வந்து பார்த்தேன். மயிர்க்கால் குத்திட்டது தம்பி. எந்தப் பக்கம் போனாலும் பார்க்கிற கண். பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு வேப்பிலைக் கொத்தைச் செருகினேன், எலுமிச்சை நறுக்கிக் குங்குமம் தடவி வைத்தேன், ஒரு கட்டி சூடம் கொளுத்தினேன். பக்தியால் இல்லை, மிரட்டத்தான்.

இருட்டுகிற நேரம், வழக்கம்போல உங்கள் சகலை வந்தார். வேட்டியைத் தூக்கினார். நிமிர்ந்தார். அப்படியே பின்னால் நடந்து வந்து என் வண்டியில் முட்டிக்கொண்டார். "பெரியவரே, நேத்துக் கண்ணு இல்லயே!" என்றார். "இல்ல" என்றேன். "யாரு வரைஞ்சது?" என்றார். "நான் யாரையும் பாக்கல" என்றேன். பொய்யா அது? நான் மரத்துக்குப் பின்னால்தானே நின்றேன்? அங்கேயே விழுந்து கும்பிட்டார். எழுந்து, "தானா தெறந்திருக்கு!" என்று கத்தினார். கடலைமிட்டாய்க்குப் போன பிள்ளைகளைக் கேட்டார்கள். அவர்கள் போகும்போது கண் இல்லை, வரும்போது இருந்தது என்றார்கள். தீர்ந்தது.

ஏய்! ஏய், அந்தப் பக்கம் போ! மனுஷன் நிற்கிறது தெரியல? தெரியுதுல்ல? அப்புறம் என்ன திரும்பி நிக்கிற? போடா அங்கிட்டு!

பார்த்தீர்களா தம்பி, சொன்னேனே. அங்கே சாமி வந்துவிட்டதா, அங்கே போனவனெல்லாம் இப்போது இங்கே. நான் போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே வருகிறது இந்த நாற்றம். கையைக் கொஞ்சம் நகர்த்துங்கள், காலர் பிடிக்கவேண்டும்.

எங்கே விட்டேன்? சாமி வந்தது. முதல் வாரம் சொர்க்கம் தம்பி. வாடை இல்லை. வேப்பிலை வாசமும் சூட வாசமும்தான். போன டீச்சர்மார்கூடத் திரும்பி வந்தார்கள். வளர்மதி ஊரிலிருந்து வந்து பார்த்தாள். ரிஸ்வானா முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பிள்ளைக்காக வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் விளக்கு மாடம். அப்புறம் தகரக் கொட்டகை. அப்புறம் உண்டியல். அப்புறம் குழாய் ரேடியோ, விடிவதற்கு முன்னால் காதைக் கிழிக்கும். கமிட்டி என்று போட்டார்கள், தலைவர் சௌந்தரபாண்டி. யார் அந்தச் சுவரை அதிகமாக நனைத்தானோ அவன் தலைவன்!

ஒருநாள் என்னிடம் வந்தார். "பெரியவரே, தப்பா எடுக்கக்கூடாது. ஊரு பூரா உடுத்துன துணி. எந்தத் துணியில என்ன தீட்டு இருக்கோ. அதைப் போயி ஆத்தா கண்ணு முன்னாடி விரிச்சுப் போட்டா நல்லாவா இருக்கு?"

"தொவைச்ச துணிய்யா அது" என்றேன்.

"தொவைச்சா மட்டும்?" என்றார்.

தொவைச்சா மட்டும்! கேளுங்கள் தம்பி. அவன் அந்தச் சுவரில் விட்டதெல்லாம் தீட்டில்லை. நான் வெள்ளையாகத் தேய்த்து மடித்து வைப்பது தீட்டு. என் அப்பாவைக் கொல்லைப்பக்கமாக வரச் சொன்னார்கள், அது அந்தக் காலம். மரத்தடியில் வண்டி போட்ட பிறகு அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. அந்தச் சாமி வந்து கேட்கவைத்தது. இரண்டு பையன்களை விட்டு என் வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து இங்கே விட்டார்கள். வருகிற வழியில் ஒரு சக்கரம் வளைந்துவிட்டது. இன்னும் அப்படியேதான் கோணிக்கொண்டு நிற்கிறது, பாருங்கள்.

கும்பாபிஷேகம் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் சௌந்தரபாண்டி இந்தச் சந்துக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "பெரியவரே, கண்ணு தானா தெறந்ததுக்கு நீங்கதான் சாட்சி. பக்கத்துலயே இருந்தவரு. மைக்கில ரெண்டு வார்த்தை சொல்லுங்க. மரத்துக்கு அந்தாண்ட ஓரமா வண்டியப் போட்டுக்கலாம்."

நான் சொல்லிவிடுவது என்றுதான் போனேன் தம்பி. ஒளிக்கமாட்டேன். குளித்து, வெள்ளை வேட்டி சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். அந்தக் கூட்டத்திலேயே என் சட்டைதான் கஞ்சி மொடமொடப்பு. அந்த ஆள் மைக்கைப் பிடித்து, "நம்ம துணி தேய்க்கிற மொக்கராசு ரெண்டு வார்த்தை பேசுவாரு" என்றார். மொக்கராசு. வயசுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா? மேடையில் ஏறப் போனேன். "அங்கேயே, கீழயே நின்னு பேசுங்க, ஐயர் மடியா இருக்காரு" என்று மைக்கை என் பக்கம் நீட்டினார், நாய்க்கு எலும்பு நீட்டுகிற மாதிரி, கைக்கு எட்டாமல். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மைக்கைப் பிடுங்கினேன். "கண்ணும் தானா தெறக்கல, மூக்கும் தானா தெறக்கல. வரைஞ்சது காதர் மைதீன் மக ரிஸ்வானா. போயி அவளையே கேளுங்க" என்றேன்.

என்ன கேட்கிறீர்கள்? நான்தான் வரையச் சொன்னேன் என்று சொன்னேனா? அது எதற்கு? யார் வரைந்தது என்பதுதானே பேச்சு. சத்தியமா? சத்தியம் எதற்குச் செய்தேன், அவள் அத்தாவிடம் சொல்லமாட்டேன் என்றுதான். அவள் அத்தாவிடம் நான் சொல்லவில்லையே. மைக்கில்தான் சொன்னேன்.

இடித்துத் தள்ளுவார்கள் என்று நினைத்தேன் தம்பி. வேற்று மதத்துப் பிள்ளை வரைந்த சாமி, சுண்ணாம்பை அடித்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள், நான் என் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் மரத்தடியில் நிறுத்துவேன், அதுதான் கணக்கு. முன்வரிசையில் ஒரு பொம்பளை எழுந்தாள். குலவை போட்டாள். "வேத்து வீட்டுப் புள்ள கையில எறங்கி வந்திருக்காளே என் ஆத்தா!" என்றாள். அவ்வளவுதான். கூட்டம் முழுக்கக் குலவை. உங்கள் சகலை இருக்கிறாரே, பிழைக்கத் தெரிந்த மனுஷன். மைக்கை என்னிடமிருந்து வாங்கி, "இதைவிட என்னய்யா சாட்சி வேணும்!" என்றார்.

த்தூ. மன்னித்துக்கொள்ளுங்கள், சட்டைப் பக்கம் துப்பவில்லை.

மறுநாளிலிருந்து காதர் வீட்டு வாசலில் பொம்பளைகள். தாம்பாளம், தேங்காய், மஞ்சள் சேலை. பிள்ளையைக் கூப்பிடு, தொட்டுக்கிறோம் என்று. பிள்ளை இல்லாதவள் வந்து வயிற்றைக் காட்டுகிறாள். கடன்காரன் வந்து குறி சொல்லச் சொல்கிறான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை காலில் ஒரு கிழவன் விழுந்திருக்கிறான். அது பயந்து அலறியிருக்கிறது. அலறினதையும் அருள் வந்துவிட்டது என்றார்களாம். நாற்பது வயசுக்காரி ஒருத்தி அந்தப் பிள்ளையின் முடியில் ஒன்றைப் பிடுங்கித் தாயத்துக்கு எடுத்துக்கொண்டாளாம். ஜனமா இது? காதருக்கு அந்தப் பக்கமும் இடி. பள்ளிவாசலில் கூப்பிட்டு வைத்து, என்னப்பா இது, உன் பிள்ளையைச் சாமியாக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான்.

ஒருநாள் இங்கே வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற கல்லில்தான் உட்கார்ந்தான்.

"அண்ணே, புள்ள பேரச் சொல்லாம இருந்திருக்கலாம்ல?"

"பொய் சொல்லச் சொல்றியா காதரு?"

"பொய் வேணாம்ணே. சும்மா இருந்திருக்கலாம். இல்லாட்டி, நான்தான் வரையச் சொன்னேன்னு முழுசாச் சொல்லியிருக்கலாம்."

அவனிடம் பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை, அதுவே சொல்லிவிட்டது. அப்புறம் நான் செய்த சத்தியத்துக்கு என்ன மதிப்பு? நான் கேட்டேன், "என் வண்டியத் தள்ளிக்கிட்டுப் போனப்ப நீ வந்து ஒரு வார்த்தை கேட்டியா காதரு?" அவன் எழுந்து போய்விட்டான். அதற்கப்புறம் அவன் வீட்டுத் துணி என்னிடம் வரவில்லை. எத்தனை வருஷப் பழக்கம். கேட்டால் நான் துரோகியாம். தேய்க்காத சட்டையைப் போட்டுக்கொண்டு இந்தச் சந்து முனையைக் கடந்து போவான், திரும்பிப் பார்க்கமாட்டான்.

வளர்மதியும் வந்தாள். என் வண்டிக்கடியில் கிடந்த விளக்குமாறு, வாளி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாள். பிள்ளைகளை எந்த வீட்டிலும் இப்போது அனுப்புவதில்லை. எங்கள் பிள்ளையையும் எதிலாவது இழுத்துவிடுவாய் என்கிறார்களாம். தெரு பழைய மாதிரி நாறுகிறது. அவள் எடுத்துக்கொண்டு போன வாளியில் ஒன்று என்னுடையது. இன்றைக்கு வரைக்கும் திருப்பித் தரவில்லை. படித்த பெண் செய்கிற காரியமா?

இந்தத் தெருவில் எனக்கு நல்லது செய்தவர்கள் ஒருத்தர்கூட இல்லை தம்பி, அந்தப் பிள்ளையைத் தவிர. ரிஸ்வானாவை ஊரைவிட்டு அனுப்பினார்கள். எங்கே என்று காதர் யாரிடமும் சொல்லவில்லை. சௌந்தரபாண்டியே ஆள் விட்டுக் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. அனுப்புகிற அன்று, ஆட்டோவில் பெட்டி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், பிள்ளை என்னிடம் ஓடிவந்தது. மூச்சு வாங்கியது. "தாத்தா, நான் பெரியம்மா வீட்டுக்குப் போறேன்" என்று ஊர் பேர், தெரு, பெரியம்மா பேர், கதவு நிறம் எல்லாம் சொன்னது. "அங்க யாருக்கும் என்னையத் தெரியாது தாத்தா. அங்கயே பள்ளிக்கூடம். யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அத்தா சொல்லிருக்கு. நீங்க மட்டும் வந்து என்னையப் பாருங்க." சொல்லிவிட்டு ஓடிவிட்டது. எல்லாரும் என் மேல் பழி போடுகிறார்களே, பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு என் மேல் கோபம் இருந்ததா? இல்லையே. அப்படியென்றால் தப்பு என் பேரில் இல்லை என்றுதானே அர்த்தம்?

இதோ ஆயிற்று. சட்டைக் கையில் கோடு விழுந்தது பாருங்கள், கத்தி மாதிரி. போட்டுக்கொள்ளுங்கள், சூடு இருக்கும்போதே போட்டால் உடம்பில் நிற்கும்.

ஏன் தயங்குகிறீர்கள்? என்ன? யாரைப் பார்க்க வந்தீர்கள்?

பிள்ளையையா?

ஓ. சாமி கும்பிட மட்டும் வரவில்லை. உங்கள் மகனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. மூன்று வயசு ஆயிற்று. அந்தப் பிள்ளை ஒருதடவை நாக்கில் தொட்டால் வரும் என்று உங்கள் வீட்டுக்காரம்மா சொன்னாள். ஏன் தம்பி, நான் இவ்வளவு நேரம் சொன்னது காதில் விழுந்ததா இல்லையா? அது சுவரில் படம் வரைந்த பிள்ளை. நாலாம் வகுப்பு. பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றால் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள். உங்களைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது, நிஜமாகச் சொல்கிறேன்.

அழாதீர்கள். ஆம்பளை அழுதால் பார்க்க எனக்குப் பிடிக்காது.

இருங்கள். ஒரு நிமிஷம் உட்காருங்கள். சௌந்தரபாண்டி உங்கள் பேச்சைக் கேட்பாரா? கேட்பாரா! சின்ன மச்சினி வீட்டுக்காரர் சொன்னால் தட்டமாட்டாரா. அப்படியா. மரத்துக்கு அந்தாண்ட, ஓரம்தான் கேட்கிறேன். வேண்டுமானால் துணியை மூடிப்போட்டுக்கூடத் தேய்க்கிறேன். ஒரு வார்த்தை சொல்வீர்களா? இன்றைக்கே, அபிஷேகம் முடிந்து ஆள் சந்தோஷமாக இருக்கும்போது? சத்தியமாக?

மேலூர். பஸ் ஸ்டாண்டில் இறங்கி சந்தைப்பேட்டை என்று கேளுங்கள். அதற்குப் பின்னால் பீடிக்கடைச் சந்து. மூன்றாவதோ நாலாவதோ வீடு, பச்சைக் கதவு. பெரியம்மா பேர் ஜமீலா. காலையில் போங்கள், பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம், பிள்ளை வாசலில்தான் நிற்கும். பின்னல் இரட்டைப் பின்னல், வலது கையில் எப்போதும் வர்ணக் கறை இருக்கும், பார்த்தாலே தெரிந்துவிடும்.

நான் சொன்னேன் என்று மட்டும் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்.